மூன்று தேர்வில் என் மகள் எதை எழுதட்டும்?

கேள்வி: என் மகள் நெல்லிக்குப்பத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். பயோ மேத்ஸ் குரூப். வரும் ஜூனில் பிளஸ் டூ. ஜிப்மர் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கும்போது நீட் எழுதாமல் விடுவதா என்கிறார் என் கணவர். நெய்வேலியில் வேலை பார்க்கும் என் தம்பி, “ஜே.இ.இ. எழுதட்டும் அக்கா, என்.ஐ.டி. பொறியியல் கல்லூரி கிடைக்கும்” என்கிறான். அவளுடைய வேதியியல் ஆசிரியை, மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான க்யூட் தேர்வை எழுதச் சொல்கிறார். என் வளையலை அடகு வைத்தாலும் ஒரு கோச்சிங்குக்குத்தான் பணம் காணும். அவளுக்குப் பிடித்தது வேதியியல். உயிரியல் மனதில் நிற்கவில்லை என்று அழுகிறாள். எதை எழுதச் சொல்லட்டும்?
- ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

வளையல் இப்போதைக்குக் கையிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் ஆளாளுக்கு ஒரு தேர்வைச் சொல்கிறார்கள். ஆனால் ‘அவளுக்குப் பிடித்தது வேதியியல்’ என்ற ஒரு வரி கடைசிக்குப் போய்விட்டது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் ஜிப்மர். புதுச்சேரியில் இருக்கும் எனக்கு உங்கள் கணவரின் ஆசை நன்றாகப் புரிகிறது. பஸ் ஏறினால் போய் இறங்கிவிடலாம். ஆனால் ஜிப்மரில் உள்ளூர் ஒதுக்கீடு என்பது புதுச்சேரி மாநிலத்தவருக்கு மட்டும்தான். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகள் அங்கே அகில இந்தியப் போட்டியில்தான் இடம் பிடிக்க வேண்டும். ஜிப்மர் தனியாக நுழைவுத் தேர்வு நடத்திய காலமும் போய்விட்டது. 2020 முதல் அங்கேயும் நீட் மதிப்பெண்தான். தமிழக அரசின் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. உதவி பெறும் பள்ளியில் படிப்பவர்களுக்கு அது கிடையாது. இதை எழுதும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரியாமல் ஒரு வருடம் ஓடுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

நீட் தாளில் 180 கேள்விகள், 180 நிமிடம். அதில் 90 கேள்விகள் உயிரியல், அதாவது சரிபாதி. இயற்பியலும் வேதியியலும் தலா 45. உயிரியல் மனதில் நிற்கவில்லை என்று அழும் பெண்ணுக்கு இந்தத் தாளை நான் சொல்ல மாட்டேன். டாக்டராக வேண்டும் என்று அவளே சொல்லியிருந்தால் என் பதில் வேறு.

தமிழில் எழுதலாமே என்று நினைப்பீர்கள். எழுதலாம், ஆனால் 2018-இல் நடந்ததை நினைவில் வையுங்கள். நீட்டின் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதியானது. அதனால் எந்தத் தேர்வானாலும் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் அவள் பழக வேண்டும். இன்றிலிருந்தே ஒரு நோட்டில் எழுதிவரச் சொல்லுங்கள்: வினைவேகமாற்றி என்று ஒரு பக்கம், கேட்டலிஸ்ட் என்று எதிர்ப் பக்கம்.

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு வேறு மாதிரி. அதே மூன்று மணி நேரத்தில் 75 கேள்விகள்தான். கணிதம், இயற்பியல், வேதியியல் தலா 25. கேள்வி குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் யோசிக்க வைக்கும். உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள்: தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். நல்ல அரசுப் பொறியியல் கல்லூரிக்கு அது போதும். என்.ஐ.டி.யோ ஐ.ஐ.டி.யோ வேண்டும் என்றால்தான் ஜே.இ.இ. உங்கள் மகள் பொறியியல் வேண்டும் என்று சொன்னதாகக் கடிதத்தில் இல்லையே.

அந்த ஆசிரியை சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகமும், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் 2022 முதல் இளநிலை அறிவியல் படிப்புகளுக்கு க்யூட் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. ஒரு பாடத்துக்கு ஒரு தாள், 60 நிமிடத்தில் 50 கேள்விகள். சரியான விடைக்கு 5, தவறுக்கு 1 கழிப்பார்கள். அதிகபட்சம் 5 தாள் எழுதலாம். உயிரியலைத் தொடவே வேண்டாம். நீட்டும் ஜே.இ.இ.யும் பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடப் பாடத்தையும் கேட்கின்றன. க்யூட்டின் பாடத் தாள்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தோடு நிற்கும். பொதுத் தேர்வுக்குப் படிப்பது இங்கேயும் உதவும், அதற்காகத் தனிக் கோச்சிங் எனக்கு அவசியமாகத் தெரியவில்லை.

மூன்றையும் எழுதிப் பார்க்கட்டுமே என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். என் அண்ணன் மகள் அப்படித்தான் எழுதினாள். ஜனவரியில் ஜே.இ.இ., பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத் தேர்வு, மே மாதம் நீட், அதே மாதம் க்யூட். ஏப்ரலில் அந்தப் பெண் புத்தகத்தைத் திறக்கவே பயந்தாள். பொதுத் தேர்வு மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. அந்த மதிப்பெண்தானே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும், கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கும், பொறியியல் கலந்தாய்வுக்கும் சாவி! உங்கள் மகளுக்கு முதல் தேர்வு பிளஸ் டூதான். அதோடு ஒரே ஒரு தேசியத் தேர்வு.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். இந்த மூன்று தேர்வுகளையும் நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கும். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஒரு வாரம் ஒரு தேர்வு. கடிகாரத்தை எதிரே வைத்து முழுத் தாளையும் எழுதட்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள், பாடம் இன்னும் பாதி நடத்தப்படவில்லை. எந்தத் தாளை முடித்து எழுந்தபோது முகம் தெளிவாக இருந்தது, தப்பான கேள்வியைத் திரும்பப் போட்டுப் பார்க்க எதில் அவளாகவே உட்கார்ந்தாள் என்று கவனியுங்கள். ஜே.இ.இ. தாளில் அது நடந்தால் நான் சொன்னதை விட்டுவிட்டுத் தம்பி பேச்சைக் கேளுங்கள்.

க்யூட் என்று முடிவானால், விண்ணப்பிக்கும் முன் அவள் சேர நினைக்கும் படிப்புக்கு எந்தெந்தத் தாள் கேட்கிறார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பில் பாருங்கள். தேர்வு முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மதிப்பெண் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்து இருந்துவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அந்தத் தேதிகளைப் பார்த்து நினைவூட்டும் பொறுப்பை உங்கள் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள். அக்கா மகள் மேல் அக்கறை உள்ள தாய்மாமன், சந்தோஷமாகச் செய்வார்.