வாசகர் கேளுங்கள்: பலாலி பிளேனும் இன்டிகோவின் கணக்கும்

கேள்வி: இந்திய விமானக் கம்பனி இன்டிகோ வருசம் ஏழாயிரம் கோடிக்கு மேல் லாபம் எடுக்கிறதாம். அப்படியிருந்தும் சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விசிறி வைத்த சின்ன பிளேனைத்தானே விடுகிறார்கள்? எங்களைக் கண்டால் இளக்காரமா?
- பரந்தன் வாசகர்

பதில்: இளக்காரம் ஒன்றும் இல்லை. லாபக் கணக்கு நீங்கள் சொன்னது சரி. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் 7,258 கோடி இந்திய ரூபா. ஆனால் அதற்கு முதல் ஆண்டு 8,172 கோடி. வருமானம் 68,900 கோடியில் இருந்து 80,000 கோடிக்கு மேல் ஏறியும் லாபம் இறங்கியிருக்கிறது பாருங்கள், அங்கேதான் விசயம். பயணி காசு கட்டுவது பெரும்பாலும் ரூபாவில், ஆனால் விமான வாடகையும் பராமரிப்பும் டொலரில், ரூபா இறங்க அந்தச் செலவு ஏறும். போதாக்குறைக்கு பிராட் அண்ட் விட்னி இஞ்சினில் கோளாறு என்று டசின் கணக்கில் விமானங்கள் தரையில் நின்றன, அவற்றுக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்க, பறப்பதற்கு வெளியில் இருந்து வேறு விமானங்களை வாடகைக்கு எடுத்தார்கள். இதே கம்பனி 2022-23இல் 300 கோடிக்கு மேல் நட்டம் காட்டியது.

சரி, விசிறி பிளேனுக்கு வருவோம். அது ஏடிஆர் 72, 78 சீற். இன்டிகோவின் ஏ320 ஜெட் என்றால் 180க்கு மேல். பரந்தன் சந்தியில் வான்காரர் ஆள் சேரும்வரை நின்று கூப்பிடுவது மாதிரி விமானம் நிற்க முடியாது, நேரத்துக்குக் கிளம்பியே ஆக வேண்டும். பாதி சீற் வெறுமையாகப் போகிற பெரிய விமானத்தை விட நிரம்பிப் போகிற சின்ன விமானம்தான் பிழைக்கும். இவ்வளவு கிட்டத்துத் தூரத்துக்கு எரிபொருளும் அதற்குக் குறைவு. அதோடு பலாலி ஓடுபாதையும் பெரிய ஜெட்டுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

இன்னொன்று, இந்த விமானம் சென்னைக்குப் போகிற ஆட்களை மட்டும் நம்பி ஓடவில்லை. இந்தியாவுக்குள் பறக்கிற பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இன்டிகோவில்தான் ஏறுகிறார்கள், 90க்கு மேற்பட்ட உள்நாட்டு ஊர்கள் அவர்கள் வலையில் இருக்கின்றன. மதுரை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று மாறிப் போகிறவர்களையும் சேர்த்துத்தான் பலாலி ஓட்டத்தின் கணக்கு. 2019 நவம்பரில் முதலில் வந்த அலையன்ஸ் எயார் இந்திய அரசின் சின்னக் கம்பனி, அதன் வலையும் சின்னது. கொரோனாவில் நின்றது 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2024 செப்டம்பர் 1இல் இன்டிகோ இறங்கியதை நான் பெரிதாக எடுப்பது இதனால்தான், டிக்கெட் விலையால் இல்லை.

கேள்வி: பலாலியில் ஏறி சென்னையில் மாறி மதுரைக்குப் போக வேண்டும். அம்மாவும் கூட வருகிறார். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?
- புதுக்குடியிருப்பு வாசகி

பதில்: இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள் தங்கச்சி. தனித்தனியாகப் போட்டால் நூறு இருநூறு மிஞ்சலாம், ஆனால் பலாலி விமானம் பிந்தி மதுரை விமானம் போய்விட்டால் அந்தக் காசு உங்கள் தலையில்தான். ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. தனி டிக்கெட்டில் நிறையும் இடிக்கும், இந்திய உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான், புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் கட்டுகிறபோதே நிறுத்துப் பாருங்கள். சென்னையில் குடிவரவு, சுங்கம் முடித்துப் பொதியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்துக்கு நடக்க வேண்டும், ஆகவே இடையில் மூன்று மணித்தியாலமாவது விடுங்கள். அம்மாவுக்கு நடக்கக் கஷ்டம் என்றால் சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள், அதற்குக் காசு இல்லை. அங்கே போய் நின்று கேட்டால் காத்திருக்க வேண்டி வரும்.

கேள்வி: வவுனியாவில் விமானத்தளம் இருக்கிறதே, கொழும்புக்கு ஒரு விமானம் விட்டால் என்ன?
- வவுனியா வாசகர்

பதில்: தளம் விமானப்படையிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கினாலும் ஆள் வேண்டுமே. கொழும்பில் இறங்குவது இரத்மலானை என்றால் அங்கிருந்து கோட்டைக்கு வர ஒரு மணித்தியாலம், இங்கே தளத்துக்குப் போய்க் காத்திருக்க இன்னொன்று. அதற்குள் ரயில் பாதித் தூரம் போய்விடும், அதுவும் ஒரு சின்னத் தொகைக்கு.