300 வின்செஸ்டர் மாக்னம், 300 பி.ஆர்.சி. போன்ற புதுத் தோட்டாக்கள் எல்லாம் வந்த பிறகும் பழைய 300 ஹாலண்ட் மாக்னம் துப்பாக்கியைச் சிலர் ஏன் தேடித் தேடி வாங்குகிறார்கள்?

வேகம், தூரம், தோட்டா விலை, கடையில் கிடைப்பது என்று எதை வைத்து அளந்தாலும் புதியதுதான் ஜெயிக்கும். இதை மறுத்து வாதாடும் பழைய ஆட்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஆனாலும் இங்கே கனடாவின் ஆல்பர்ட்டாவில் எல்க் மான் வேட்டை சீசன் வந்தால் நான் அலமாரியிலிருந்து எடுப்பது 300 ஹாலண்டைத்தான்.

லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1925-இல் கொண்டுவந்த தோட்டா இது. 1912-இல் அவர்களே பெரிய மிருகங்களுக்கென்று செய்த 375 மாக்னத்தின் கூட்டை, அதாவது மருந்து நிரப்பும் பித்தளைக் குழலை, எடுத்து, வாயை 30 காலிபருக்கு ஒடுக்கினார்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தோட்டாக்களில் நிரப்பியது கார்டைட் என்ற வெடிமருந்து. சேமியா போல நீள நீளக் குச்சிகளாக இருக்கும். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வெயிலில் கிடந்து சூடேறினால் சுடும்போது அழுத்தமும் ஏறிவிடும். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, இந்தியக் கோடையிலோ கிழக்கு ஆப்பிரிக்காவிலோ சுட்ட பிறகு சேம்பரில், அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையில், இறுகிக்கொண்டு வெளியே வராது. எதிரே காயம்பட்ட காட்டெருமை நிற்கும்போது, தோட்டாவை உள்ளே தள்ளி, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் தண்டான போல்ட்டை இழுத்துப் பார்த்து அது அசையவில்லை என்றால் கதை முடிந்தது.

அதனால்தான் இந்தக் கூடு அடியில் அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே உள்ள ஷோல்டரின் சரிவு வெறும் 8.5 பாகை. இப்படி இருந்தால், கூடு ஒரு மயிரிழை பின்னால் நகர்ந்ததுமே சேம்பர் சுவரை விட்டு விலகிவிடும். பக்கங்கள் நேராக உள்ள புதுக் கூடுகள் கொஞ்ச தூரம் உரசிக்கொண்டேதான் வரும்.

சரி, ஷோல்டர் இவ்வளவு சரிவாக இருந்தால் கூடு சேம்பருக்குள் எதில் முட்டி நிற்கும்? அடியில் விளிம்பு வைத்தால் நிற்கும், ஆனால் விளிம்புள்ள தோட்டா, தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் அடியில் ஒரு பித்தளை வளையம், அதாவது பெல்ட். கூட்டுக்கு அது பலம் சேர்க்கிறது என்று இன்றைக்கும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை, கூட்டை அதனிடத்தில் நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. வேடிக்கை என்னவென்றால், 1950-60களில் அமெரிக்கக் கம்பெனிகள் இதே கூட்டை வெட்டிக் குட்டையாக்கி 264, 338, 458 வின்செஸ்டர் மாக்னம், 7 மி.மீ. ரெமிங்டன் மாக்னம் என்று வரிசையாக இறக்கியபோது பெல்ட்டையும் அப்படியே விட்டுவைத்தார்கள். அவற்றில் ஷோல்டர் உள்ளவற்றுக்கு அந்த ஷோல்டரே போதும், பெல்ட் தேவையே இல்லை. ஆனால் பெல்ட் இருந்தால்தான் மாக்னம் என்று வாங்குகிறவர்கள் நம்பிவிட்டார்கள், விற்கிறவர்களுக்கு அது போதாதா?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னைக் கவிழ்த்தது போல்ட்தான். எங்கள் ஊர் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் ஒரு பெரியவர் தன் பழைய வின்செஸ்டர் மாடல் 70-ஐ என் கையில் கொடுத்து, "சுடவேண்டாம், போல்ட்டை மட்டும் தள்ளிப் பார்" என்றார். மேகசினில் சுடாத டம்மி தோட்டாக்கள். இரண்டு விரலால் தள்ளினேன். தோட்டா எங்கே மேகசினை விட்டுக் கிளம்பியது, எங்கே சேம்பருக்குள் நுழைந்தது என்றே கையில் தெரியவில்லை. குறுகலான முனை ஓட்டைக்குள் போனதும் மீதி தானாகப் பின்னாலேயே போய்விடுகிறது. அதற்கு முன் நான் வைத்திருந்தது 300 டபிள்யூ.எஸ்.எம். (வின்செஸ்டர் ஷார்ட் மாக்னம்). குட்டையான, தடித்த கூடு, 35 பாகை ஷோல்டர். துல்லியத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தோள் சேம்பர் வாயில் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் உள்ளே போகும். அது எல்லாத் துப்பாக்கியிலும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன், என்னுடையதில் இருந்தது.

வேகத்தைப் பார்த்தால், 180 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்குக் கம்பெனித் தோட்டாவில் 300 ஹாலண்ட் நொடிக்கு 2,880 அடி, 300 வின்செஸ்டர் மாக்னம் 2,960 அடி. இந்த 80 அடி வித்தியாசத்தை முந்நூறு கஜத்தில் நிற்கும் எல்க் கண்டுகொள்ளாது. துல்லியம் போதாது என்று யாராவது சொன்னால், 1935-இல் அமெரிக்காவின் கேம்ப் பெர்ரியில் 1,000 கஜ துப்பாக்கி சுடும் போட்டியான விம்பிள்டன் கோப்பையை பென் கம்ஃபர்ட் வென்றது இந்தத் தோட்டாவை வைத்துத்தான் என்று சொல்லுங்கள். பழைய மாக்னம் மெதுவாகத் தள்ளும், புதியது அடிக்கும் என்று, சுடும்போது தோளில் விழும் உதை பற்றி ஒரு பேச்சு உலவுகிறது. துப்பாக்கியின் எடையும் கட்டையின் வடிவமும் செய்கிற வேலைக்குத் தோட்டாவைப் பாராட்டுகிறார்கள் என்பது என் கருத்து.

இதை வீழ்த்தியது நீளம். மொத்தம் 3.6 அங்குலம், அதற்கென்று, போல்ட் முன்னும் பின்னும் ஓடுகிற நீளமான ஆக்‌ஷன் வேண்டும். 1963-இல் வந்த 300 வின்செஸ்டர் மாக்னம் சாதாரண 30-06 நீளத்துக்குள், அதாவது 3.34 அங்குலத்துக்குள், அடங்கிவிட்டது. விலை குறைந்த துப்பாக்கியில் அதே வேலை நடக்கிறதென்றால் யார் இதை வாங்குவார்கள்? மாடல் 70 பட்டியலிலிருந்தும் ஹாலண்ட் போய்விட்டது.

தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்களுக்குப் பெல்ட் ஒரு தலைவலி என்பதையும் மறைக்கக் கூடாது. கூடு பெல்ட்டில் முட்டி நிற்பதால், ஷோல்டருக்கு முன்னால் சேம்பரில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். முதல் முறை சுட்டதும் பித்தளை அங்கே நீண்டுவிடும். டை என்ற அச்சில் போட்டு மறுபடி பழைய அளவுக்கு அமுக்கினால், அடுத்த முறை திரும்பவும் நீளும். இப்படியே போனால் பெல்ட்டுக்குச் சற்று மேலே உட்புறத்தில் பித்தளை மெலிந்து, ஒருநாள் கூடு இரண்டாகப் பிய்ந்துவிடும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல வளைத்து, கூட்டுக்குள் விட்டுச் சுவரை வருடிக்கொண்டே மேலே இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டையைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, கூடு ஷோல்டரில் முட்டும்படி அளவு பிடித்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

2018-இல் ஹார்னடி கொண்டுவந்த 300 பி.ஆர்.சி.யில் இந்தப் பிரச்சினையே கிடையாது. பெல்ட் இல்லை, 30 பாகை ஷோல்டர், 225 கிரெய்ன் எடையுள்ள நீளமான குண்டையும் நொடிக்கு 2,810 அடியில் அனுப்பும். 1,000 கஜத்துக்கு மேல் போவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதை வாங்குங்கள். முதல் துப்பாக்கி என்றால் வின்செஸ்டர் மாக்னம், ஏனென்றால் சின்ன ஊர்க் கடையில்கூட அதற்குத் தோட்டா கிடைக்கும். ஹாலண்ட் வேண்டுமென்றால் தானே நிரப்பும் பொறுமையும் வேண்டும்.

அப்படியும் ஆசை விடவில்லையென்றால் ஒன்று மட்டும் கவனியுங்கள். பழைய மாடல் 70, ரெமிங்டன் 721 போன்ற ஹாலண்ட் துப்பாக்கிகளில் நிறையவற்றின் சேம்பரைக் கடைந்து 300 வெதர்பி என்ற வேறொரு தோட்டாவுக்கு மாற்றியிருக்கிறார்கள். குழாயில் பழைய எழுத்து அப்படியே இருக்கலாம். ஹாலண்ட் தோட்டா அதிலும் வெடிக்கும், ஆனால் வெளியே வரும் கூடு தோள் வீங்கி வேறு உருவத்தில் இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சேம்பருக்கு அச்சு எடுக்கச் சொல்லுங்கள்.