டை, டாஸ், ஹெடிங்லி: அரிய முடிவுகளின் கணக்கு

கேள்வி (மதுரை வாசகர்): 1986-ல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய டெஸ்ட் டையில் முடிந்தது. 1960-ல் பிரிஸ்பேனில் நடந்ததையும் சேர்த்து, 2,500-க்கும் மேற்பட்ட டெஸ்டுகளில் இரண்டே டைகள். அப்படியானால் டையின் நிகழ்தகவை ஏறத்தாழ 1,250-ல் ஒன்று எனக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளலாம், ஆனால் இரண்டே நிகழ்வுகளை நம்பிய விடை உறுதியற்றது. நாளையே இன்னொரு டை நேர்ந்தால் அது 830-ல் ஒன்று என்றாகிவிடும். இத்தகைய இடங்களில் நிகழ்வின் அக்கம்பக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடைசியாக ஆடும் அணியின் பத்தாவது விக்கெட் விழும்போது ரன் வித்தியாசம் பூஜ்யமாக இருப்பதே டை. வித்தியாசம் 1 ரன்னாக அமைந்த டெஸ்டுகள் இரண்டு (அடிலெய்டு 1993, வெலிங்டன் 2023). 2 ரன்னாக அமைந்தது ஒன்று (எட்ஜ்பாஸ்டன் 2005). 3 ரன்னாக அமைந்தவை இரண்டு (ஓல்ட் டிராஃபோர்டு 1902, மெல்போர்ன் 1982). பூஜ்யம் முதல் மூன்று வரை மொத்தம் ஏழு, அதாவது ஓர் எண்ணுக்குச் சராசரி 1.75. இதன்படி டையின் நிகழ்தகவு சுமார் 1,400-ல் ஒன்று. விடை பெரிதாக மாறவில்லை என்றாலும், இரண்டுக்குப் பதில் ஏழு நிகழ்வுகள் அதைத் தாங்குவதால் இதையே நான் அதிகம் நம்புவேன். ரசிகர்களுக்குத்தான் பூஜ்யம் அதிசயம். கணக்கில் அது ஒன்றையும் இரண்டையும் போன்ற ஓர் எண்.

இது ஆட்டம் தொடங்கும் முன் உள்ள நிலை. ஆட்டம் நகர நகர நிகழ்தகவும் நகரும். சேப்பாக்கத்தில் 348 ரன் இலக்கைத் துரத்திய இந்தியாவுக்கு, கிரெக் மேத்யூஸ் வீசிய கடைசி ஓவரில் 4 ரன் தேவைப்பட்டது. கையில் ஒரே விக்கெட். மூன்றாம் பந்தில் ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்ததும், மீதமிருந்த மூன்று பந்துகளையும் மனிந்தர் சிங் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. ரன் வந்தால் வெற்றி, விக்கெட் விழுந்தால் டை. பலர் மறந்துவிடுவது என்னவென்றால், மூன்று பந்துகளும் சும்மா போயிருந்தால், கடைசி விக்கெட் விழாமலே ஆட்டம் முடிந்து டிரா ஆகியிருக்கும். ஒவ்வொரு பந்திலும் விக்கெட் விழ 15 சதவீதமும், ரன் வர 25 சதவீதமும், இரண்டும் இல்லாமல் போக 60 சதவீதமும் வாய்ப்பு என்று ஓர் உத்தேசம் வைத்துக்கொள்வோம். அப்போது டைக்கான வாய்ப்பு 0.15 × (1 + 0.6 + 0.36), அதாவது ஏறத்தாழ 29 சதவீதம், டிரா 22, வெற்றி 49. ஐந்தாம் பந்தில் மனிந்தர் எல்.பி.டபிள்யூ ஆனபோது நிகழ்ந்தது, அந்த நிலையில் மூன்றில் ஒன்றைவிடச் சற்றே குறைந்த வாய்ப்புள்ள ஒன்றுதான்.

கேள்வி (சேலம் வாசகர்): 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முதல் ஒருநாள் போட்டிகளில் இந்தியா தொடர்ந்து 20 முறை டாஸில் தோற்றது, 2025 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில்தான் அது நின்றது. பத்து லட்சத்தில் ஒன்று என்கிறார்களே, சரியா?

பதில்: குறிப்பிட்ட 20 டாஸ்களை முன்கூட்டியே சுட்டிக்காட்டி, அவை அனைத்திலும் தோற்பார்கள் என்று சொல்லியிருந்தால் 10,48,576-ல் ஒன்று என்பது சரி. நாம் அப்படிச் சொல்லவில்லை. நடந்த பிறகே கவனித்தோம். எந்த அணிக்கு, எந்த ஆண்டில் நேர்ந்திருந்தாலும் இதே கேள்வியை எழுப்பியிருப்போம். இதுவரை நடந்த ஒருநாள் போட்டிகள் 4,900 அளவில். போட்டிக்கு இரண்டு அணிகள் என்பதால் இத்தகைய தொடர் தொடங்குவதற்கு ஏறத்தாழ 9,800 இடங்கள் உண்டு. ஒரு வெற்றியும் அதையடுத்து 20 தோல்விகளும் வருவதற்கான நிகழ்தகவு 20,97,152-ல் ஒன்று. ஆகவே ஒருநாள் வரலாற்றில் எங்கேனும் இது நேர்வதற்கான வாய்ப்பு சுமார் 210-ல் ஒன்று. அரிதுதான், ஆனால் நாணயத்தைச் சந்தேகிக்கும் அளவுக்கு அல்ல. டெஸ்டுகளையும் டி20 போட்டிகளையும் சேர்த்தால் வாய்ப்பு இன்னும் கூடும்.

கேள்வி (நெல்லை வாசகர்): 1981-ல் ஹெடிங்லி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டில் தோல்வியின் விளிம்பிலிருந்து இங்கிலாந்து வென்றது. அந்த வெற்றிக்கு ஆட்டத்தின் நடுவே 500-க்கு 1 (ஒன்று கட்டினால் 500 கிடைக்கும்) என்று பந்தயம் அறிவிக்கப்பட்டதாமே, அது நிகழ்தகவு ஆகாதா?

பதில்: ஆகாது. அது பந்தய நிறுவனம் வைத்த விலை. நிறுவனத்தின் லாபமும், கூட்டத்தைக் கவரும் நோக்கமும் அதில் கலந்திருக்கும். அங்கே இங்கிலாந்து ஃபாலோ-ஆன் பெற்றிருந்தது, அதாவது முதல் இன்னிங்ஸில் பெரிதும் பின்தங்கியதால் உடனே மீண்டும் ஆடவைக்கப்பட்டது. ஃபாலோ-ஆன் பெற்ற அணி அதற்கு முன்பு வென்றது ஒரே முறை, 1894-ல் சிட்னியில். அதன் பின் 2001-ல் கொல்கத்தாவிலும் 2023-ல் வெலிங்டனிலும் அது நிகழ்ந்திருக்கிறது. ஆனால் ஹெடிங்லியில் இங்கிலாந்து, இன்னிங்ஸ் தோல்வியைத் தவிர்க்கவே 92 ரன் தேவைப்பட்ட நிலையில் 7 விக்கெட்டுகளை இழந்திருந்தது. அந்த இக்கட்டோடு ஒப்பிடத்தக்க ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதால், 500 என்ற எண்ணைச் சரி என்றோ தவறு என்றோ நிறுவ வழியில்லை.