'சார்ஜ்' என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தங்கள்?

ஒருநாள் போனைக் கழற்றிக்கொண்டே "சார்ஜ் ஏறிடுச்சு" என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அப்பத்தா, "மறுபடியுமா? இப்பத்தானே ஏத்துனாங்க!" என்றார். அவருக்குச் சார்ஜ் என்றால் பஸ் சார்ஜ். அவர் மேல் தப்பில்லை, இரண்டுமே ஏறத்தானே செய்கின்றன.

கட்டணம், மின்சாரம், பொறுப்பு, குற்றச்சாட்டு, தாக்குதல் என்று ஒட்டாத பொருள்கள் ஒரே சொல்லில் எப்படி வந்தன என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கத்தான் ஒட்டாதவை. லத்தீனில் 'கார்ருஸ்' என்றால் வண்டி. அதிலிருந்து வந்த 'கார்ரிக்காரே', வண்டியில் பாரம் ஏற்றுவது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து சார்ஜ் ஆனது. கார், கார்கோ எல்லாம் இதற்குப் பங்காளிகள்.

ஆக, செலவைத் தலையில் ஏற்றினால் கட்டணம், வேலையை ஏற்றினால் இன்சார்ஜ், குற்றத்தை ஏற்றினால் சார்ஜ் ஷீட். நாமும் குற்றத்தைச் 'சுமத்த'த்தானே செய்கிறோம்? பொறுப்பு என்பதும் பொறு, அதாவது தாங்கு, என்பதிலிருந்து வந்ததுதான். டிஸ்சார்ஜ் என்றால் சுமையை இறக்குவது. ஆஸ்பத்திரியில் பில் சுமை அன்றைக்குத்தான் ஏறும் என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது மின்சாரக் கதை. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதையும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்பார்கள். 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையை நிரப்புவதற்கும் அதே சொல்லைப் பயன்படுத்தினார். பல ஜாடிகளை இணைத்து வைத்ததை 1749இல் ஒரு கடிதத்தில் 'பேட்டரி' என்று எழுதினார். அதுவும் பீரங்கி வரிசையைக் குறிக்கும் பட்டாளத்துச் சொல்தான்! லத்தி சார்ஜில் வரும் தாக்குதல் பொருளும் இந்த ஆயுதப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள்.

பேசும்போது கவனிக்க வேண்டியது பக்கத்தில் வரும் குட்டிச் சொற்களை. 'சார்ஜ் ஃபார்' என்றால் காசு. 'சார்ஜ் வித்' என்றால் வழக்கு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் நீங்கள் பார்த்துக்கொள்பவர். நடுவில் ஒரு 'தி' நுழைந்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' ஆகிவிட்டால், உங்களை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார். முதல் வேலையில் அந்த 'தி'யைச் சேர்த்து ஒரு மெயில் அனுப்பினேன். ஸ்டோர் ரூமுக்கு நான் பொறுப்பு என்று சொல்லப்போய், ஸ்டோர் ரூம்தான் என்னைப் பார்த்துக்கொள்கிறது என்றாகிவிட்டது. நல்லவேளை, மேனேஜர் சிரித்ததோடு சரி.