ஓல்டு இங்கிலீஷ் எழுத்தில் எல்லாமே கேபிடலா?

கேள்வி: சின்னதாக ஒரு டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குச் சான்றிதழ் செய்து கொடுக்க வேண்டும். தலைப்பு, மாணவர் பெயர் எல்லாமே 'ஓல்டு இங்கிலீஷ்' ஃபான்டில், முழுக்க ஆங்கிலக் கேபிடலில் வேண்டும் என்கிறார்கள். போட்டுப் பார்த்தால் எனக்கே படிக்க வரவில்லை. வேறு ஃபான்டுக்கு மாறுவதா? தமிழிலும் இதே பாணி கிடைக்குமா?

பதில்: ஃபான்டின் மேல் தப்பில்லை. கேபிடலில்தான் சிக்கல்.

இந்த வகை எழுத்துக்குப் பொதுப் பெயர் பிளாக்லெட்டர். இடைக்கால ஐரோப்பாவில், பட்டை முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய கையெழுத்திலிருந்து வந்தது. வளைய வேண்டிய இடத்தில் பேனா வளையாமல் ஒடிந்து திரும்பும். இதன் ஜெர்மன் வகையான 'ஃபிராக்டூர்' என்ற பெயருக்கே 'உடைந்தது' என்று பொருள் தரும் லத்தீன் சொல்தான் மூலம். 1455 வாக்கில் மைன்ஸ் நகரில் கூட்டன்பெர்க் அச்சிட்ட பைபிளில் இருப்பது 'டெக்ஸ்டுரா' என்ற இன்னொரு வகை. நீங்கள் வைத்திருக்கும் ஓல்டு இங்கிலீஷ் அதன் வழியில் வந்ததுதான்.

டெக்ஸ்டுராவில் சின்ன எழுத்துகள் வேலிக் கால்கள் மாதிரி நெருக்கமாக நிற்கும். 'மினிமம்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் இந்தப் பாணியில் எழுதினால் ஏறத்தாழ ஒரே மாதிரியான 15 செங்குத்துக் கோடுகள் வரும். அந்தக் காலத்து எழுத்தர்களே திணறித்தான் சின்ன 'ஐ'-யின் தலையில் ஒரு கீற்று போட ஆரம்பித்தார்கள். இன்றைய புள்ளி அதிலிருந்து வந்தது.

கேபிடல்களின் கதை வேறு. சொல்லின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்று நின்று கண்ணைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அவற்றுக்கு இரட்டைக் கோடு, மயிரிழை, சுழி எல்லாம் போட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் மாலை போட்டுக்கொண்டு நின்றால் மாப்பிள்ளை யார் என்று எப்படித் தெரியும்? அதனால் முதல் எழுத்து மட்டும் கேபிடல், மீதி சின்ன எழுத்து என்று வைத்து ஒரு பிரின்ட் எடுத்துப் பள்ளியில் காட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து இடைவெளி. வரியை அகலமாக்க எழுத்துகளை இழுத்துப் பரப்பாதீர்கள். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளையும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் இது நெசவு மாதிரி தெரியும். இடம் மிஞ்சினால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள்.

மாணவர் பெயர்களை இந்த எழுத்தில் போடவே வேண்டாம் என்பேன். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் உண்டு, இனிஷியல் என்றாலே கேபிடல். பிளாக்லெட்டர் கேபிடல்கள் பலவற்றை இன்று யாரும் பழகியதில்லை. ஃபிராக்டூரில் 'ஐ'-யும் 'ஜே'-யும் பெரும்பாலும் ஒரே உருவம். 'ஏ'-யைப் பார்த்தால் 'யூ' மாதிரி இருக்கும். நாளைக்குக் கல்லூரி அட்மிஷனில் நீட்டும் தாளில் இனிஷியல் குழப்பம் எதற்கு? பெயர், வகுப்பு, தேதியெல்லாம் காரமான்ட் மாதிரி சாதாரண எழுத்தில் இருக்கட்டும். நியூயார்க் டைம்ஸ் நாளிதழைப் பாருங்கள். முகப்பில் பத்திரிகையின் பெயர் மட்டும்தான் பிளாக்லெட்டர். செய்தித் தலைப்புகளுக்கு வேறு எழுத்து. உங்கள் தாளிலும் தலைப்பு ஒரு வரிக்கு மேல் இது போக வேண்டாம்.

ஃபான்ட் தேடும்போது ஒரு எச்சரிக்கை: பிளாக்லெட்டருக்குக் 'கோதிக்' என்றும் பெயர் உண்டு; ஆனால் அப்படித் தேடினால் ஃபிராங்க்ளின் கோதிக், செஞ்சுரி கோதிக் என்று மொட்டையான எழுத்துகள் வந்து நிற்கும். அமெரிக்க அச்சுத் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. 'பிளாக்லெட்டர்' என்று தேடுங்கள். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் 'கிரென்சே கோட்டிஷ்' படிக்க எளிது, தடிமனையும் மாற்றலாம். 'யூனிஃபிராக்டூர் மகுன்ட்டியா' அசல் ஜெர்மன் ஃபிராக்டூர். அழகு, ஆனால் சான்றிதழுக்கு வேண்டாம்.

இதை ஹிட்லர் காலத்து எழுத்து என்று யாராவது முகம் சுளிக்கலாம். முதலில் நாஜிகள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது உண்மை. ஆனால் 1941 ஜனவரி 3 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் போர்மன் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, இவை யூத எழுத்துகள் என்று ஆதாரமே இல்லாமல் சொல்லி, இவற்றைக் கைவிட உத்தரவிட்டது. 1930-களில் வந்த, பூட்ஸ் கால் மாதிரி முரட்டுத்தனமான சில வடிவங்களை மட்டும் தவிர்த்தால் போதும். ஓல்டு இங்கிலீஷில் அந்த வாடை இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். பட்டைப் பேனாவின் தடிமன்-மெலிவுதான் பிளாக்லெட்டருக்கு உயிர். நம் எழுத்து எழுத்தாணியால் ஓலையில் கீறி வளர்ந்தது; அதன் கோடு எங்கும் ஒரே பருமன். நம் சுழிகளை உடைத்துக் கோணலாக்கினால் 'ண', 'ன' எல்லாம் அடையாளம் இழந்துவிடும். ஆங்கிலத் தலைப்பின் கருமைக்கு ஈடாக நல்ல தடித்த தமிழ் எழுத்து ஒன்றைக் கீழே வையுங்கள்.

தங்க ஃபாயில் கேட்டால் முதலில் ஒரு தாளில் மட்டும் அடித்துப் பாருங்கள். கேபிடலில் இருக்கும் மயிரிழைகள் ஃபாயிலில் அறுந்துபோகும், அல்லது பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோரல் டிராவில் எழுத்தைக் கர்வாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றிய பிறகு அந்த இழைகளுக்கு மட்டும் கால் பாயின்ட் அளவுக்கு அவுட்லைன் ஏற்றிப் பார்த்து, அப்புறம் ஃபாயில் அடிக்கும் அச்சு பிளாக் எடுக்கக் கொடுங்கள்.