கெட்டிமேளம் கொட்டும்போது கேமரா அணைகிறது: எதற்கு மாறலாம்?

கேள்வி: சோனி ஏ6000 வைத்து ஆறு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறேன். அதிகாலை முகூர்த்தம் என்றால் மூன்று மணிக்கே மண்டபத்தில் இருப்பேன். நான்கு பேட்டரி இருந்தும் போதவில்லை. போன மாதம் தாலி கட்டும் நேரத்தில் வியூஃபைண்டர் கறுத்து, கேமரா அணைந்துவிட்டது. நான் கண்ணாடி போட்டவன். வியூஃபைண்டரில் ஓரங்களும் சரியாகத் தெரிவதில்லை. கடைக்காரர் ஏ6400 எடுக்கச் சொல்கிறார், "பழைய பேட்டரியே போடலாம், அந்தச் செலவு மிச்சம்" என்கிறார். இன்னொருவர் ஏ7 மார்க் 2 செகண்ட் ஹேண்டில் தருகிறேன், ஃபுல் ஃப்ரேம் என்கிறார். மாமாவிடம் கேனான் 6டி பேட்டரி ஐந்து சும்மா கிடக்கிறது. அதை நம்பிப் பழைய ஆர்6 வாங்கலாமா? என்னிடம் இருக்கும் லென்ஸ் சிக்மா 16, 30 இரண்டுதான்.
— வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: பழைய பேட்டரியே போடலாம் என்று கடைக்காரர் சொன்னாரே, ஏ6400-ஐ நீங்கள் எடுக்கக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம். உங்களைத் தாலி கட்டும் நேரத்தில் கைவிட்டது அந்தப் பேட்டரிதான். அதே பேட்டரியைப் போடும் இன்னொரு கேமராவுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

உங்கள் கேமராவில் இருப்பது எஃப்.டபிள்யூ.50. கொள்ளளவு 1020 எம்.ஏ.ஹெச். 2010-ல் வந்த பேட்டரி இது. வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜுக்கு ஏ6000-ல் 310 படம், ஏ6400-ல் 360 படம் என்பது கம்பெனிக் கணக்கு. ஐம்பது படம்தான் கூடுகிறது. ஏ7 மார்க் 2-ம் இதே பேட்டரிதான், அதில் 270. உங்களிடம் இருப்பதைவிடக் குறைவு! ஃபுல் ஃப்ரேம், அதாவது பெரிய சென்சார், என்ற ஒரு சொல்லை வைத்து அதை விற்கப் பார்க்கிறார்கள். வேண்டாம்.

2017-ல் ஏ9 கேமராவோடு எஃப்.இசட்.100 என்ற பெரிய பேட்டரியை சோனி கொண்டுவந்தது. 2280 எம்.ஏ.ஹெச், பழையதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். அது போடும் மாடல்களில் வியூஃபைண்டர் கணக்கு ஏ6600-க்கு 720, ஏ7 மார்க் 3-க்கு 610, ஏ6700-க்கு 550, ஏ7 மார்க் 4-க்கு 520. நீங்கள் தேட வேண்டியது இந்த வரிசையில். மெகாபிக்சலை அப்புறம் பார்க்கலாம். முதலில் பேட்டரிக் கதவைத் திறந்து உள்ளே எது போகிறது என்று பாருங்கள்.

இந்த எண்களை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிபா என்ற ஜப்பானியக் கேமரா சங்கத்தின் சோதனை முறை அது. அரை நிமிடத்துக்கு ஒரு படம், பத்துப் படத்துக்கு ஒரு முறை அணைத்து மறுபடி போடுவது, உள்ளேயே ஃபிளாஷ் இருந்தால் பாதிப் படம் ஃபிளாஷோடு. ஏ6000-ல் ஃபிளாஷ் உண்டு, ஏ6700-ல் இல்லை. அதனால் ஒப்பீடு கொஞ்சம் முன்பின் இருக்கும். மண்டபத்தில் யாரும் அரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பதில்லை. மாலை மாற்றும்போது பத்து விநாடியில் முப்பது எடுப்பீர்கள், அப்புறம் ஹோமம் முடியும்வரை கேமராவை அணைக்காமல் காத்திருப்பீர்கள். முதல் வேலையில் பேட்டரி அவ்வளவாகக் கரையாது. அந்தக் காத்திருப்புதான் குடிக்கிறது.

உங்கள் ஏ6000 போல உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவின் இயல்பே அதுதான். பழைய எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் காட்சியை உள்ளே இருக்கும் கண்ணாடி வியூஃபைண்டருக்குத் திருப்பி அனுப்பும், அதற்குக் கரண்ட் வேண்டாம். மிரர்லெஸ்ஸில் சென்சாரும் உள்ளே இருக்கும் குட்டித் திரையும் கேமரா விழித்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் ஓடுகின்றன. ஆகவே எத்தனை படம் எடுத்தோம் என்று எண்ணாதீர்கள். எத்தனை நிமிடம் விழித்திருந்தது என்று எண்ணுங்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும்போது அதன் முதுகு உங்கள் வயிற்றில் உரசுமே, அப்போது வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கண் சென்சார், சட்டையைக் கண் என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே திரை எரியும். மெனுவில் ப்ரீ-ஏ.எஃப் ஆனில் இருந்தால் லென்ஸ் ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். நீங்கள் காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் நன்றாகவே இறங்கியிருக்கும். ப்ரீ-ஏ.எஃப்-ஐ ஆஃப் செய்யுங்கள். கேமராவைத் திருப்பி, லென்ஸ் உடம்பைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். பவர் சேவ் நேரத்தைக் குறைத்து வையுங்கள். ஏர்பிளேன் மோடு ஆனில் இருக்கட்டும். புதுக் கேமரா வரும்வரை இதுவே உங்களுக்கு ஒரு பேட்டரி மிச்சம் பிடித்துத் தரும்.

இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது சட்டென்று அணைகிறதா? அப்படியானால் செல் கிழடாகிவிட்டது. உள் தடை ஏறிப்போய், பர்ஸ்டில், அதாவது தொடர்ச்சியாகப் பல படம், அடிக்கும்போது வோல்டேஜ் சரிந்து கேமரா மூடிக்கொள்கிறது. அந்த பேட்டரியை மார்க்கரால் குறித்துத் தனியாக வையுங்கள். முகூர்த்தத்துக்கு அது கூடாது.

இனி டூப்ளிகேட். இதைச் சொல்லாமல் நான் முடிக்க மாட்டேன். எஃப்.டபிள்யூ.50 அளவிலேயே 1500, 2000 எம்.ஏ.ஹெச் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். அதே அளவு டப்பாவுக்குள் இரண்டு மடங்கு கொள்ளளவு எப்படி வரும்? என்னிடம் சர்வீசுக்கு வந்த ஒரு ஏ6000-ல் அப்படி ஒரு பேட்டரி உப்பி, அறைக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. மூடி திறக்கிறது, ஸ்பிரிங் தள்ளுகிறது, பேட்டரி அசையவில்லை. அடியைக் கழற்றி, பிளாஸ்டிக் பட்டையை நுழைத்து, கிழியாமல் இழுப்பதற்கு ஒரு மணி நேரம் ஆனது. லித்தியம் செல்லைக் குத்திவிட்டால் தீப்பிடிக்கும் என்பதால் கை நடுங்கத்தான் செய்தது. அதைப் போட்டவர் புதுக் கேமரா வாங்கியபோது கடையில் 'ஆஃபர்' என்று கொடுத்த இலவச பேட்டரி அது. பெட்டியில் வந்த ஒரிஜினல் எங்கே என்று கேட்டேன். பெட்டியில் பேட்டரி வரும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. ஒரிஜினலை எடுத்துத் தனியாக விற்றுவிட்டு, டூப்ளிகேட்டை இலவசம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

ஆகவே பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். வெளியே இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி, மாதம், வருடம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கம்பெனி வழியாக வராத கிரே மார்க்கெட் சரக்கு, இங்கே வாரண்டி கிடையாது. ஜி.எஸ்.டி பில்லில் கேமராவின் சீரியல் எண் இருக்கட்டும். பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பேட்டரி மேல் பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஐ.எஸ். 16046 என்பதும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய பதிவு என்று வந்துவிடும். பதிவு இல்லாமல் இந்த பேட்டரிகளை விற்கவே கூடாது என்பது சட்டம். ஆனால் எந்தக் கடை வீதியிலும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள், யாரும் வந்து கேட்பதில்லை. சாமானியன் ஆப்பைத் திறந்து சரிபார்க்க வேண்டும் என்றால் அதிகாரிகள் எதற்கு?

சார்ஜர் கதையும் இப்படித்தான். ஏ7 மார்க் 3-ஓ ஏ6700-ஓ வாங்கினால் பெட்டியில் தனி சார்ஜர் வராது. கேமராவுக்குள்ளேயே கேபிள் செருகிச் சார்ஜ் செய்துகொள் என்கிறார்கள். நான்கு பேட்டரி வைத்துத் தொழில் செய்பவன் நான்கையும் கேமராவுக்குள் வைத்தா ஏற்றுவான்? தனி சார்ஜருக்கும் இன்னொரு ஒரிஜினல் பேட்டரிக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். பெரிய பேட்டரி இரண்டு இருந்தால் உங்கள் பழைய நான்கின் வேலையை ஏறக்குறையப் பார்க்கும்.

சரி, வியூஃபைண்டர். ஏ6000-ல் 14.4 லட்சம் புள்ளி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணுவதால் வரும் பெரிய எண் அது. மூன்றால் வகுத்தால் 800-க்கு 600, பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் அளவு. ஏ6600, ஏ6700, ஏ7 மார்க் 3 மூன்றிலும் 23.6 லட்சம், அதாவது 1024-க்கு 768. மணப்பெண்ணின் கண்ணில் ஃபோகஸ் உட்கார்ந்ததா என்பது இதில் தெரியும், உங்களுடையதில் ஊகிக்கத்தான் முடியும். ஏ7 மார்க் 4-ல் 36.8 லட்சம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், விலையிலும் தெரியும்.

உருப்பெருக்கத்தில் ஒரு மாயம் செய்கிறார்கள். ஏ6000 விவரத்தாளில் 1.07 மடங்கு, ஏ7 மார்க் 3-ல் 0.78 மடங்கு என்று இருக்கும். சின்னக் கேமராவில்தான் பெரிதாகத் தெரியும் போலிருக்கிறது என்று நினைப்போம். இரண்டையும் 50 எம்.எம் லென்ஸ் போட்டு அளக்கிறார்கள். சென்சார் சின்னதானால் அந்த எண் தானாக ஏறும். ஃபுல் ஃப்ரேமுக்குச் சமமாக மாற்றினால் உங்கள் ஏ6000 வெறும் 0.70. அந்த எண்ணைப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடுவார்கள், கடைப் பலகையில் அதுவும் இருக்காது. ஃபுல் ஃப்ரேம் என்றாலே பெரிதாகத் தெரியும் என்பதும் பொய். ஏ7சி 0.59-தான். இசட்வி-இ10-ல் வியூஃபைண்டரே கிடையாது, "லேட்டஸ்ட்" என்று அதைத் தள்ளிவிடப் பார்த்தால் ஏமாறாதீர்கள்.

உங்கள் கண்ணாடிப் பிரச்சினைக்கு நேர்மையான பதில்: ஏ6000-க்கும் ஏ7 மார்க் 3-க்கும் ஐபாயின்ட் சுமார் 23 மில்லிமீட்டர்தான். கண்ணை அவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும் முழுச் சட்டமும் தெரியும் என்று பொருள். திரை பெரிதாகி இந்தத் தூரம் கூடாவிட்டால், கண்ணாடிக்காரருக்கு ஓரம் இன்னும் தப்பும். கேமரா மாற்றினால் இது தீராது. வியூஃபைண்டர் பக்கத்தில், உங்கள் பார்வை பவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இருக்கும் சின்ன டயாப்டர் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். மைனஸ் 4-லிருந்து பிளஸ் 3 வரை போகும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மணமேடையைப் பார்க்காமல், கீழே தெரியும் ஷட்டர் வேக எண்களைப் பார்த்தபடி அவை கூர்மையாகும்வரை திருப்புங்கள். உங்களுக்கு சிலிண்டர் பவர் இருந்தால் இது உதவாது. அப்போது கான்டாக்ட் லென்ஸ்தான் வழி.

மாமாவின் 6டி பேட்டரிக்கு வருவோம். பழைய பேட்டரியை நம்பிக் கேமரா வாங்காதே என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேனான் மட்டும் இதற்கு ஒரு விதிவிலக்கு போலத் தெரியும், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 6டி-யில் போடும் எல்.பி-இ6, ஆர்6-ல் வடிவமும் பொருந்தும், கேமராவும் ஓடும். இவ்வளவு வருடம் ஒரே வடிவத்தைக் காப்பாற்றியதற்காகவே கேனானைப் பாராட்ட வேண்டும். ஆனால் பழையது 1800 எம்.ஏ.ஹெச், ஆர்6-உடன் வரும் எல்.பி-இ6என்ஹெச் 2130. பழையதைப் போட்டால் மெக்கானிக்கல் ஷட்டரில் விநாடிக்கு 12 படம் என்ற முழு வேகம் கிடைக்காது. கேமராவுக்குள் வைத்து யு.எஸ்.பி வழியாகச் சார்ஜ் ஏறாது, பழைய சார்ஜர்தான். 6டி-யில் ஒரு சார்ஜுக்கு 1090 படம் எடுத்த நினைப்பில் மாமா கொடுப்பார். ஆர்6-ல் புது பேட்டரியே வியூஃபைண்டரில் 380-தான், அசைவு சீராகத் தெரியும் 'ஸ்மூத்' மோடில் வைத்தால் அதற்கும் கீழே. மேலும் 6டி 2012-ல் வந்தது. அதோடு வாங்கிய பேட்டரி என்றால் வயதாகியிருக்கும். ஐந்தில் இரண்டு தேறினால் அதிர்ஷ்டம். போதாததற்கு உங்கள் சிக்மா லென்ஸ் இரண்டும் அதில் பொருந்தாது. ஆகவே வேண்டாம்.

அதே லென்ஸ் கணக்கில்தான் ஏ7 மார்க் 3-ஐயும் உங்களுக்கு நான் தள்ளவில்லை. உங்கள் இரண்டு லென்ஸும் ஏ.பி.எஸ்-சி, அதாவது சின்ன சென்சாருக்கானவை. அவற்றைப் போட்டால் 24 மெகாபிக்சல் 10 ஆகிவிடும், புது லென்ஸ் வாங்கியாக வேண்டும். கையில் பணம் இருந்தால் புது ஏ6700, இல்லையென்றால் நல்ல நிலையில் இருக்கும் பழைய ஏ6600.

பழையதை எடுப்பதானால் பகலில் போங்கள். லென்ஸ் முன் வெள்ளைக் காகிதம் பிடித்து வியூஃபைண்டருக்குள் பாருங்கள். பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு கறை தெரிந்தால், யாரோ கேமராவை வியூஃபைண்டர் மேலே பார்க்க வெயிலில் வைத்திருக்கிறார்கள். வியூஃபைண்டரின் கண்ணாடி பூதக்கண்ணாடி மாதிரி, சூரியன் நேரே இறங்கினால் உள்ளே திரை பொசுங்கிவிடும். மாற்றச் செலவு அதிகம், நம் ஊரிலிருந்து பெரிய நகரத்து சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில் அது ஆகாத காரியம். கடைக்குள் விளக்கடியில் வைத்துக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவாருங்கள், உங்கள் கண்ணாடியைப் போட்டு ஒரு முறை, கழற்றி ஒரு முறை பாருங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.