செவ்வரத்தைக்கு யூரியா வேண்டாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செவ்வரத்தையை, அதாவது செம்பருத்தியைப் பற்றியவை. யாழ்ப்பாணத்தில் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இது வழக்கம்தான். கிணறு இறங்கிவிடும், இலை காயும், மொட்டு கொட்டும். உடனே கடிதம் வரும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்தே பதில் தந்திருக்கிறேன். இரண்டு மூன்று கடிதங்கள் வேறு செடிகளைப் பற்றியவை. அவையும் மருந்தோடு தொடர்புள்ள கேள்விகள் என்பதால் விடவில்லை.

தடி நட்டால் பிடிப்பதில்லை. சாணம் கலந்த நல்ல மண்ணில்தான் வைக்கிறேன். எல்லாம் கறுத்து அழுகிப் போகின்றன. (கோப்பாய்)

அழுகலுக்குக் காரணம் அந்தச் சாணம்தான். வேர் இல்லாத தடிக்குச் சாப்பாடு தேவையில்லை. கழுவிய மணலும் தும்புத்தூளும் சரிபாதி போதும். பென்சில் தடிப்பில், பச்சை நிறம் மாறி மண்ணிறம் ஏறத் தொடங்கிய கிளையில் ஆறு முதல் எட்டு அங்குலத் துண்டு எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் சரிவாக வெட்டுங்கள். நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். மொட்டு இருந்தால் கிள்ளி எறியுங்கள். நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கு முதல் ஆறு கிழமைக்குள் வேர் விடும். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் தடி நட வேண்டாம்.

இதற்கு ஐப்பசி மழையை விட நல்ல காலம் யாழ்ப்பாணத்தில் கிடையாது. புரட்டாதியில் செடியைக் கவ்வாத்து செய்து, வெட்டிய கிளைகளையே ஐப்பசியில் நட முடியாது. அவை அதற்குள் காய்ந்துவிடும். நடுவதற்கென்று சில கிளைகளை விட்டுவைத்து, நடும் அன்று காலையில் வெட்டுங்கள்.

செவ்வரத்தை விதை எங்கே வாங்கலாம்? (மானிப்பாய்)

நம் வளவுகளில் உள்ள செவ்வரத்தை பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. தடி கேளுங்கள், அயலவர் தருவார்.

இலைகள் மஞ்சளாகின்றன. யூரியா போட்டும் மாறவில்லை. இன்னும் எவ்வளவு போடலாம்? (உரும்பிராய், சுன்னாகம், நீர்வேலி, வேறும் பல இடங்கள்)

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதிக் கை சலித்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இது ஒரு செடியோடு நிற்கும் விஷயம் அல்ல.

முதலில், எந்த இலை மஞ்சள்? ஒருவரும் அதை எழுதவில்லை. "இலை மஞ்சள்" என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? செடிக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். அடிக்கிளையில் உள்ள முதிர்ந்த இலைகள், நரம்பும் சேர்ந்து, முழுதாக மஞ்சளாகி ஒன்றிரண்டாய் உதிர்ந்தால் அது பழுத்த இலை, விட்டுவிடுங்கள். அடியிலைகள் பெருந்தொகையாக வெளிறி, செடியின் வளர்ச்சியும் நின்றிருந்தால் நைதரசன் குறைவாக இருக்கலாம். இலையின் ஓரமும் நுனியும் கருகினால் உப்பு. நுனியில் புதிதாக வரும் தளிரிலை மஞ்சளாக, நரம்புகள் மட்டும் பச்சை வலையாகத் தெரிந்தால் அது இரும்புக் குறைபாடு. உரும்பிராய், சுன்னாகம், நீர்வேலிச் செம்மண்ணில் நான் காண்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி வகைதான்.

செம்மண்ணில் இரும்புக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். மண்ணின் சிவப்பே இரும்பால் வந்ததுதான். ஆனால் அந்த மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. நாம் இறைக்கும் தண்ணீரும் அதே கல்லுக்குள்ளிருந்து வருகிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பாருங்கள். அதே சுண்ணாம்பைத்தான் நாள்தோறும் செடியின் அடியிலும் ஊற்றுகிறோம். மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் பீஎச் பெறுமானம் 7.5, 8 என்று கார பக்கம் ஏறும்போது இரும்பு மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலையில் பூட்டப்பட்டுவிடும். செவ்வரத்தை சற்றுப் புளிப்பான மண்ணை விரும்பும் செடி. இந்த நிலையில் யூரியா போட்டால் என்ன ஆகும்? தளிர் இன்னும் வேகமாக வரும், இன்னும் வெளிறி வரும், அந்த மெல்லிய தளிரைத் தேடி மாவுப்பூச்சியும் வரும். பிறகு பூச்சிக்கு மருந்து கேட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

செடி எடுக்காத யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. அது எங்கே போகிறது? மண்ணின் ஆழம் பல இடங்களில் சில அடிகள்தான். அதன் கீழே வெடிப்பும் குகையுமான கல். அதற்குள்தான் நம் குடிதண்ணீர் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் விழும் மழையைக் கல்லுக்குள் சேர்த்து வைத்துத்தான் ஆண்டு முழுவதும் குடிக்கிறோம். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல தடவை காட்டிவிட்டன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. வெங்காயமும் புகையிலையும் செய்பவர் பிழைப்புக்காகப் போடுகிறார். அதைக் குறைப்பது பற்றி அவரோடு தனியே பேச வேண்டும். முற்றத்தில் நிற்கும் ஒரு பூச்செடிக்குக் கைநிறைய யூரியா எறிய என்ன நியாயம் இருக்கிறது? கிணறு பத்து அடி தூரத்தில் இருக்கிறது!

இனிச் செய்ய வேண்டியது. ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறக்குறைய 5 கிராம் அன்னபேதி (இரும்புச் சல்பேற்று), சில துளி தேசிக்காய்ச் சாறு. வெயில் தாழ்ந்தபின் தளிர் நனையத் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை போதும். பூக்களில் படாமல் தெளியுங்கள், சுவரில் பட்டால் கறை போகாது. அன்னபேதியை நிலத்தில் கொட்டுவது வீண். சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். கடையில் இரும்புச் செலேற்று (இரும்பு பூட்டப்படாமல் பிடித்து வைக்கும் உரம்) வாங்குபவர்கள் பொதியைப் படித்து வாங்குங்கள்: ஈடிடிஏ வகை நம் மண்ணில் நிலைக்காது, ஈடிடிஎச்ஏ வகைதான் காரமண்ணில் வேலை செய்யும். அடியில் பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை தாழுங்கள், மக்கிய மாட்டெரு போடுங்கள். கூரைத் தண்ணீரை மாரியில் பிடித்து வையுங்கள். சாடியில் நிற்கும் செடிக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

மொட்டு விரியாமல் மஞ்சளாகி விழுகிறது. (பருத்தித்துறை)

விழுந்த மொட்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு புழு நெளிந்தால், விழுந்தவற்றையும் மஞ்சளானவற்றையும் நாள்தோறும் பொறுக்கி எரியுங்கள். நிலத்தில் விட்டால் புழு மண்ணுக்குள் போய்த் திரும்பி வரும். புழு இல்லையென்றால் தண்ணீர்தான் காரணம். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் வெள்ளம் விடுவதைச் செவ்வரத்தை பொறுக்காது. சோளகத்தில் சாடிச் செடிக்கு நாள்தோறும், நிலத்துச் செடிக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஆழமாக. அடுக்குச் செவ்வரத்தை ஒற்றையை விட அதிகம் மொட்டுக் கொட்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறது. மிளகாய்க்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருக்கிறது, அடிக்கலாமா? பூவைத் தேநீருக்கும் எடுக்கிறோம். (சங்கானை)

கூடாது. மருந்துக்குப் பறிக்கும் செடிக்குக் கிருமிநாசினி அடிக்கக் கூடாது. இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன். மிளகாய்க்கு அடிக்கும் சில மருந்துகள் செடிக்குள் ஊறி, பூ இதழ் வரை போகும், கழுவினால் போகாது.

பஞ்சு போல இருப்பது மாவுப்பூச்சி. மோசமாகச் சுருண்ட நுனிகளை வெட்டி எரியுங்கள். மற்றவற்றைத் தண்ணீரைப் பீச்சியடித்துக் கழுவுங்கள். பிறகு லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அது கலக்கும் அளவுக்குக் கொஞ்சம் சவர்க்காரக் கரைசல். மாலையில், இலையின் அடிப்புறம் நனைய. கிழமைக்கு ஒரு தடவை. எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியின் தித்திப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டை விரட்டும். எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது. வேப்பெண்ணெய் தெளித்த கிழமையில் பூவைச் சாமிக்கு வையுங்கள், தேநீருக்கு எடுக்க வேண்டாம்.

செவ்வரத்தைத் தேநீர் குடித்தால் இரத்த அழுத்தம் குறையும் என்று மகன் அனுப்பியிருந்தான். மாத்திரையைக் குறைக்கலாமா? (சாவகச்சேரி)

மாத்திரையைக் குறைக்காதீர்கள். உங்கள் மகன் அனுப்பியது வேறு செடியைப் பற்றியது. ஆய்வுகள் செய்யப்பட்டது புளிச்சைக்கீரை இனத்தைச் சேர்ந்த ஹைபிஸ்கஸ் சப்டரிஃபா என்ற செடியின், சதைப்பற்றுள்ள சிவந்த புல்லிவட்டத்தில். 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த 65 பேர் பங்கேற்றார்கள்; ஒரு பகுதியினர் ஆறு கிழமை, நாளுக்கு மூன்று கோப்பை அந்தத் தேநீரைக் குடித்தார்கள்; அழுத்தம் ஓரளவு இறங்கியது. நம் முற்றத்தில் நிற்பது ஹைபிஸ்கஸ் ரோசா சினென்சிஸ். அந்த முடிவை இதற்கு ஏற்றிச் சொல்ல முடியாது. இரண்டு இதழை வெந்நீரில் போட்டுக் குடிப்பதில் பெரும்பாலானவர்களுக்குத் தீங்கில்லை. ஆனால் கர்ப்பிணிகளும் கருத்தரிக்க விரும்புவோரும் இதை உள்ளே எடுக்க வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் தன் வைத்தியரிடம் சொல்லிவிட்டே குடிக்க வேண்டும். சித்த வைத்தியம்தான் விருப்பம் என்றால் கைதடிச் சித்த வைத்தியசாலைக்குப் போய், தகுதி பெற்ற வைத்தியரிடம் நேரில் காட்டுங்கள். கைத்தொலைபேசியில் வரும் செய்தி உங்கள் நாடியைப் பார்க்காது.

செவ்வரத்தை எண்ணெய் காய்ச்சினேன். ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. (நல்லூர்)

தண்ணீர் உள்ளே போய்விட்டது. கழுவிய பூவையும் இலையையும் துணியில் பரப்பி, ஒரு பகல் நிழலில் வாட விடுங்கள். அரை லீற்றர் தேங்காயெண்ணெய்க்கு இருபது பூவும் ஒரு பிடி இலையும் போதும். சிறு தீயில் வையுங்கள். முதலில் எண்ணெய் சடசடக்கும். அது ஈரம் வெளியேறும் ஓசை. சடசடப்பு அடங்கி, நுரை நின்று, இதழைக் கரண்டியால் அழுத்தினால் நொறுங்கும் பதத்தில் இறக்குங்கள். இதழ் கரியக் கூடாது. ஆறியபின் வடித்து, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் அடையுங்கள். ஈரக் கரண்டி விட வேண்டாம்.

இந்த எண்ணெய் முடியை மிருதுவாக்கும், வறட்சியைத் தணிக்கும். வழுக்கையில் முடி முளைக்கும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டு மஞ்சள் செவ்வரத்தையை எண்ணெய்க்குப் போடலாமா? ஒடித்தால் பால் வடிகிறது. (இடம் குறிப்பிடவில்லை)

போடாதீர்கள்! செவ்வரத்தையில் பால் வடியாது; வழவழப்பான சாறுதான் வரும். நீங்கள் சொல்வது, நீண்ட ஒடுங்கிய இலையும் மணி போன்ற மஞ்சள் பூவும் கொண்ட மஞ்சள் அலரியாகத்தான் இருக்க வேண்டும். அதன் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு, விதை மிகக் கொடியது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் கையுறை போட்டு வேரோடு அகற்றுங்கள். யாராவது கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். என்ன செடி என்று உறுதியாகத் தெரியாத எதையும் வாயிலோ தலையிலோ வைக்காதீர்கள். கடிதம் எழுதும்போது ஊரையும் எழுதுங்கள். மண் தெரியாமல் பதில் சொல்வது எனக்குக் கடினம்.

கிணற்றுத் தண்ணீர் சவர். செவ்வரத்தை வருமா? (வேலணை)

இலேசான சவரைத் தாங்கும். இரண்டடிக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டைகளைப் பரப்பி, மேலே மணலும் எருவும் நிரப்பி நடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேலே படியும். நிறைய ஊற்றி வேருக்குக் கீழே கழுவி இறக்குங்கள். இலையில் அந்தத் தண்ணீர் படவே கூடாது. ஆவணிக்கு மேல் சவர் கூடும்போது சேமித்த மழைநீர் கொடுத்தால் தப்பும்.

ஆடாதோடையும் பக்கத்தில் வைக்கலாமா? இருமலுக்கு எவ்வளவு இலை? (கரவெட்டி)

வையுங்கள், தடியிலேயே வரும், வெயிலும் வறட்சியும் தாங்கும். அளவை வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை அதற்கு உண்டு.

இங்கே சாடியில் வளர்க்கிறோம். எப்போது உள்ளே எடுக்க வேண்டும்? (ரொறன்ரோ)

இரவு வெப்பநிலை 12, 13 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும். 10க்குக் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே எடுக்குமுன் இலையின் அடிப்புறத்தைப் பார்த்துக் கழுவுங்கள். வெளியில் இரண்டு மாவுப்பூச்சி இருந்தால் வீட்டுக்குள் அது இருநூறாகும். தெற்கு யன்னலோரம் நல்லது. உள்ளே வந்ததும் பாதி இலை கொட்டும், பயப்பட வேண்டாம். குளிர்காலம் முழுவதும் பசளை நிறுத்துங்கள், மேல்மண் காய்ந்தபின் மட்டும் தண்ணீர். ஊரிலிருந்து தடி கொண்டுபோக நினைக்காதீர்கள். தாவரச் சான்றிதழ் இல்லாமல் எல்லையில் பறித்துவிடுவார்கள்.

வேலியாக நட எத்தனை அடி இடைவெளி? ஆடு தின்னுமா? (கொடிகாமம்)

இரண்டரை அடி. ஆடு விரும்பித் தின்னும். முதல் இரண்டு ஆண்டு வெளிப்புறமாகக் கிடுகு அடைத்து வையுங்கள்.